மார்பக இம்ப்ளான்ட் அறுவைக்குப் பின்: வலி போன பிறகும் கவனிக்க வேண்டியவை

மார்பகத்தைப் பெரிதாக்க இம்ப்ளான்ட் (சிலிகோனோ உப்புநீரோ நிரப்பிய செயற்கைப் பை) வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கடும் வலி ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளே பிரித்த திசு ஒட்டி உறுதிப்படவோ ஆறு வாரம் ஆகும். வலி நின்றுவிட்டது, ஆனால் புண் இன்னும் ஆறவில்லை என்கிற இந்த இடைப்பட்ட ஐந்து வாரம்தான் கவனம் தேவைப்படும் காலம். வலிக்கும்போது யாரும் கனமான பையைத் தூக்குவதில்லை. வலி நின்றதும் தூக்கிவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். மார்பகச் சுரப்பிக்கு அடியிலோ, அதற்கும் கீழே உள்ள மார்புத் தசைக்கு அடியிலோ மருத்துவர் ஒரு பை போன்ற இடத்தை உண்டாக்கி அதில் இம்ப்ளான்ட்டை வைக்கிறார். அதைச் சுற்றி உடல் மெல்லிய சவ்வு ஒன்றை வளர்த்துக்கொள்கிறது. அந்தச் சவ்வு உறுதிப்படும்வரை இம்ப்ளான்ட் நகரலாம், மூடிய ரத்தக்குழாய் ஒன்று திறந்துகொள்ளலாம். தசைக்கு அடியில் வைத்திருந்தால் முதல் சில நாள் வலியும் இறுக்கமும் கூடுதலாக இருக்கும். கையை உயர்த்தும்போதும் எதையாவது தள்ளும்போதும் வேலை செய்வது அதே தசைதான் என்பதால் கைகளுக்குக் கட்டுப்பாடும் கூடுதல். உங்களுக்கு எந்த இடத்தில் வைத்தார்கள், வெட்டு எங்கே, தையல் தானாகக் கரையுமா பிரிக்க வேண்டுமா என்ற மூன்றையும் அறுவைக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் கால அளவுகள் பொதுவானவை. உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். உள்ளே என்ன செய்தோம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வீட்டை முன்கூட்டியே தயார் செய்வது

அறுவைக்கு முந்தைய நாளே, அடிக்கடி எடுக்கும் பொருட்கள் எல்லாவற்றையும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு மாற்றிவிடுங்கள். மேல் அலமாரியில் இருக்கும் தட்டும், கீழ் அலமாரியில் இருக்கும் கனமான பாத்திரமும் இரண்டுமே தொந்தரவு. மருந்து பாட்டில், தண்ணீர் பாட்டில் மூடிகளை ஒருமுறை திறந்து லேசாக மூடி வையுங்கள். மூடியை முறுக்குவது சின்ன வேலை போலத் தெரிந்தாலும் மார்புத் தசையை நேராக இழுக்கும். தலைவழியாகப் போடும் உடைகளை ஒதுக்கிவிட்டு, முன்பக்கம் பொத்தானோ ஜிப்போ உள்ள சட்டைகள் நான்கைந்து எடுத்து வையுங்கள். சாய்ந்து படுக்க உறுதியான தலையணைகள் நான்கு தேவைப்படும்: முதுகுக்கு இரண்டு, முழங்காலுக்கு அடியில் ஒன்று, இருமல் வந்தால் மார்போடு அணைத்துக்கொள்ள ஒன்று.

முதல் 24 மணி நேரம் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மயக்க மருந்தின் மிச்சம் உடலில் இருக்கும்போது தலைசுற்றி விழலாம். ரத்தக்கசிவு வந்தால் அதை முதலில் கவனிக்கப்போவதும் பக்கத்தில் இருப்பவர்தான்.

சிகரெட் பிடிப்பவர்கள் அறுவைக்கு 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும் நிறுத்தியாக வேண்டும். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் வெட்டுக்காயத்தின் ஓரத்துக்கு ரத்தம் போதாமல் தோல் கருகிப் பிரியும் அபாயம் உண்டு. மின்சிகரெட், நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம் ஆகியவற்றிலும் அதே நிகோடின்தான் இருக்கிறது. ஆகவே எதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரோடு பேசுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ போன்று ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துபவற்றையும் சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள், காலில் ரத்தம் உறையும் வாய்ப்பை அது கூட்டும். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது.

முதல் மூன்று நாள்

மார்பு இறுகி, மேலே தூக்கலாக, கிட்டத்தட்ட கழுத்தெலும்புவரை நிரம்பினாற்போலத் தெரியும். தோல் பளபளக்கும். யாரோ நெஞ்சின் மேல் கனத்தை வைத்ததுபோல இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகுதான் இறங்கத் தொடங்கும். ஆகவே மூன்றாம் நாள் முதல் நாளைவிட மோசமாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். ஆனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் வீங்க வேண்டும். இந்தப் பக்க ஒப்பீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்களாகவே செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. காலையும் மாலையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து வைத்தால், சந்தேகம் வரும்போது நினைவை நம்ப வேண்டியதில்லை.

மேல் உடல் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கும்படி மல்லாந்து படுங்கள். இப்படி முதல் இரண்டு வாரம். பக்கவாட்டில் படுக்க நான்கு வாரமும், குப்புறப் படுக்க ஆறு முதல் எட்டு வாரமும் காத்திருக்க வேண்டும். தூக்கத்தில் புரண்டுவிடும் பழக்கம் உள்ளவர்கள் இரு பக்கமும் தலையணையை அண்டக்கொடுத்தால் உடல் திரும்பாது. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கீழே சரியாமலும் இடுப்பு வலிக்காமலும் இருக்கும்.

படுக்கையிலிருந்து எழும் முறையைத் தெரியாமல்தான் பலர் முதல் இரவில் துடித்துப்போகிறார்கள். கையை ஊன்றி எழாதீர்கள். இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதத்தைப் படுக்கையில் பதியுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கைகளை மார்புக்குக் கீழே வயிற்றின் மேல் குறுக்காக வையுங்கள். கால்களைப் படுக்கை ஓரத்துக்கு வெளியே இறக்கும்போது, கால்களின் கனம் கீழே இழுக்க, உடல் தானாக மேலே எழும். உதவி செய்பவர் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகில் கை கொடுத்துத் தாங்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. எழுந்து உட்கார்ந்த பிறகு ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு நில்லுங்கள். தாழ்வான சோபாவை முதல் வாரம் தவிர்த்துவிடுங்கள், கை ஊன்றாமல் அதிலிருந்து எழ முடியாது.

அறுவை நடந்த அன்றே வீட்டுக்குள் நடக்கத் தொடங்குங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போதும். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். கெண்டைக்காலில் ரத்தம் தேங்கி உறையாமல் காப்பது இதுதான். கூடவே ஒரு மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள். நெஞ்சு இறுக்கத்தால் மேலோட்டமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது.

மருந்து

வலி ஏறிய பிறகு அடக்குவது கடினம். ஆகவே முதல் மூன்று நாள் மருத்துவர் எழுதியதை மணி பார்த்து, தவறாமல் எடுங்கள். பாராசிட்டமால் என்றால் பெரியவர்களுக்கு ஒருமுறை 500 முதல் 1000 மி.கி., குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் மொத்தம் 4000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் கீழ் எடை உள்ளவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறையும். இதில் அடிக்கடி நடக்கும் பிழை, கூட்டு மாத்திரைகளில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருப்பதைக் கவனிக்காமல் தனியாகவும் போட்டுக்கொள்வது. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் போட்டோமா இல்லையா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும்.

ஓபியாய்டு எனும் வீரியமான வலிநீக்கி வகை மாத்திரை கொடுத்திருந்தால் மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம். முக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், புதுக்காயத்தில் கசிவு தொடங்கலாம். தண்ணீர், நார்ச்சத்துள்ள உணவு, தேவையானால் மலமிளக்கி என்று முதல் நாளே தொடங்கிவிடுங்கள். அந்த மாத்திரை எடுக்கும்வரை வாகனம் ஓட்டவும் கூடாது, மது அருந்தவும் கூடாது. ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் பாதியில் விடாமல் முடியுங்கள்.

ஒத்தடம் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவைக்குப் பின் மார்பின் தோல் பல இடங்களில் மரத்துப்போயிருக்கும். சுடுவதோ உறைவதோ தெரியாது. சுடுநீர்ப் பையும் மின்சார வெப்பப் பட்டையும் வேண்டவே வேண்டாம், கொப்பளம் கிளம்பிய பிறகுதான் தெரியவரும். குளிர் ஒத்தடத்தை மருத்துவர் அனுமதித்தால் மட்டும், துணியில் சுற்றி, பத்து பதினைந்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல் எடுத்துவிடுங்கள்.

குளியலும் பிராவும்

மருத்துவர் அனுமதித்ததும், பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பிறகு, நின்றோ ஸ்டூலில் உட்கார்ந்தோ குளிக்கலாம். முதல் தடவை கதவைத் தாழிடாமல், கூப்பிடு தூரத்தில் ஒருவரை இருக்கச் செய்யுங்கள். இறுக்கமான பிராவைக் கழற்றிய நேரத்தில் தலைசுற்றல் வருவது உண்டு. வெதுவெதுப்பான நீர் முதுகில் விழுந்து முன்னால் வழியட்டும், நேராக மார்பில் அடிக்க வேண்டாம். காயத்தின் மேல் ஒட்டியுள்ள பட்டைகளைப் பிடுங்காதீர்கள். ஓரிரு வாரத்தில் அவையே உரிந்து விழும். தேய்க்காமல் துணியை ஒற்றி உலர்த்துங்கள். களிம்பு, பவுடர், எண்ணெய் எதுவும் காயம் முழுதாக மூடும்வரை கூடாது. தொட்டியில் மூழ்கிக் குளிப்பதும் நீச்சலும் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான்.

பிரா கம்பி இல்லாததாக, முன்பக்கம் திறப்பதாக, அகலமான அடிப்பட்டையோடு இருக்க வேண்டும். குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் அணிவது பொதுவாக ஆறு வாரம். மாற்றி மாற்றித் துவைக்க இரண்டோ மூன்றோ தேவைப்படும். அடிப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், மார்பகத்தின் அடிமடிப்பில் உள்ள வெட்டின் மேல் தையல் விளிம்பு அழுத்தக் கூடாது. கம்பி வைத்த பிராவுக்கு அவசரப்படாதீர்கள். அந்தக் கம்பி சரியாக அடிமடிப்பில்தான் உட்காரும், மூன்று மாதம்வரை பொறுப்பது நல்லது. புது அளவில் விலை கூடிய பிராக்களை வாங்குவதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள், அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

மார்பின் மேற்பகுதியில் கட்டும் பட்டையும் மசாஜும் எல்லாருக்கும் பொருந்தாது. மசாஜ், மேற்பரப்பு வழவழப்பான உருண்டை இம்ப்ளான்ட்டுக்குச் சிலர் பரிந்துரைக்கும் பயிற்சி. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட, கண்ணீர்த்துளி வடிவ இம்ப்ளான்ட்டில் அதையே செய்தால் உள்ளே சுழன்று வடிவம் கோணலாகும். தோழிக்குச் சொன்ன பயிற்சியை நீங்கள் செய்யாதீர்கள்.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை

உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பலரும் ஐந்து முதல் பத்து நாளில் திரும்பிவிடுகிறார்கள். தூக்குவது, இழுப்பது உள்ள வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம் விடுப்பு வேண்டும். எடைக்கணக்கு எளிது: முதல் இரண்டு வாரம் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம், ஆறு வாரம் முடியும்வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று இரண்டு கிலோ என்பதை நினைவில் வைத்தால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். எடையைவிட அதைப் பிடிக்கும் விதம் முக்கியம். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க ஒரு கிலோவைப் பிடிப்பது வேறு, கையை நீட்டி அதே ஒரு கிலோவை அலமாரியிலிருந்து எடுப்பது வேறு. பாரமான கதவைத் தள்ளுவது, ஜன்னல் துடைப்பது, துணி பிழிவது, கொடியில் துணி போடுவது, நாயின் கயிற்றைப் பிடித்து நடப்பது ஆகியவற்றை யாரும் எடை தூக்குவதாக நினைப்பதில்லை. தசைக்கு எல்லாம் ஒன்றுதான்.

சிறு குழந்தை உள்ள தாய்மார்களுக்கு இதுவே மிகக் கடினமான பகுதி. குழந்தையைத் தூக்க முடியாது, ஆனால் கட்டியணைக்க முடியும். நீங்கள் முதலில் உட்கார்ந்துகொண்டு, மார்பின் முன்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, குழந்தையைப் பக்கவாட்டிலிருந்து ஏறி மடியில் அமரச் சொல்லுங்கள். குளிப்பாட்டவும் தொட்டிலில் இடவும் குறைந்தது நான்கு வாரத்துக்கு வேறொருவர் வேண்டும். இதை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் அறுவைத் தேதியைக் குறிக்காதீர்கள்.

கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு, தோள் இறுகிப்போகும். மூன்றாம் நாளிலிருந்து தோளைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றுவது பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கை தோள் உயரத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் பிறகு, வலி அனுமதிக்கும் அளவுக்கு விரல்களால் சுவரில் மேல்நோக்கி ஊர்ந்து ஏறிப் பாருங்கள்.

வாகனம் ஓட்ட ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகலாம். நிறுத்திய வண்டியில் அமர்ந்து ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிப் பாருங்கள், பிரேக்கைச் சட்டென்று அழுத்திப் பாருங்கள். வலிக்குப் பயந்து ஒரு கணம் தயங்கினால்கூட இன்னும் நாள் ஆகவில்லை. சீட் பெல்ட்டைக் கண்டிப்பாகப் போடுங்கள், மார்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிறு துண்டை மடித்து வைத்தால் உறுத்தாது. உடற்பயிற்சியில், நடையை முதல் நாளிலிருந்தே கூட்டிக்கொண்டு போகலாம். நான்காம் வாரத்தில் கால்களுக்கு மட்டுமான லேசான பயிற்சி, ஆறாம் வாரத்துக்குப் பிறகு ஓட்டம், தண்டால் போல மார்பை வேலை வாங்கும் பயிற்சிகள் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து.

மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் காரணமில்லாமல் அழுகை வருவதும், ஏன் செய்துகொண்டோம் என்று தோன்றுவதும் சாதாரணம். மயக்க மருந்தும் தூக்கமின்மையும் வீங்கிய உருவமும் சேர்ந்து செய்யும் வேலை அது. வீக்கத்தில் தெரிவது இறுதி வடிவமல்ல. தசை தளர்ந்து, இம்ப்ளான்ட் கீழே இறங்கி, மேல்புறத் தூக்கல் குறைந்து, மார்பகம் மென்மையாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு பக்கம் மற்றதைவிட முன்னதாக இறங்கும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலப்பக்கம் தாமதமாக இறங்குவதைப் பலமுறை காணலாம். ஆனால் மனச்சோர்வு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது

காலையில் எழும்போது இறுக்கம், மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுளீரென்ற குத்தல், காம்பில் மரத்தநிலை அல்லது துணி பட்டாலே கூசும் உணர்வு, குனியும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் அல்லது கிறீச்சிடும் ஒலி, வயிறுவரை இறங்கும் கன்றல் ஆகியவை குணமாவதன் பகுதிகளே. தளும்பும் ஒலி, உள்ளே தங்கிய காற்றும் திரவமும் உடலில் உறிஞ்சப்பட்டதும் சில வாரத்தில் நிற்கும். உணர்ச்சி திரும்பப் பல மாதம் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மார்பகத்துக்குக் கீழே தோலுக்கடியில் கயிறு போல ஒரு நரம்பு புடைத்து, கையைத் தூக்கினால் இழுத்தால், அது மேலோட்டமான ரத்தநாளம் ஒன்று அடைபட்டதாக இருக்கலாம். மோண்டார் நோய் என்பார்கள். பெரும்பாலும் சில வாரத்தில் தானே கரையும், ஆனாலும் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்:

- ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் பெருத்து, கல் போல இறுகி, மாத்திரைக்கு அடங்காமல் வலிப்பது. உள்ளே ரத்தம் சேர்கிறது என்று பொருள். முதல் ஓரிரு நாளில்தான் அதிகம் நேரும். திரும்ப அறுவை அரங்கில் வைத்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். தாமதித்தால் தோல் பாதிக்கப்படும், பிற்காலத்தில் சவ்வு இறுகும் வாய்ப்பும் கூடும்.
- 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம், பரவும் சிவப்பு, சூடு, வெட்டிலிருந்து கலங்கிய அல்லது நாற்றமுள்ள கசிவு. தொற்று பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். சீக்கிரம் பிடித்தால் மருந்தோடு தீரலாம், முற்றினால் இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டுப் பல மாதம் காத்திருந்தே மறுபடி வைக்க முடியும்.
- காயம் வாய் பிளந்து உள்ளே இம்ப்ளான்ட் தெரிவது. சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு உடனே செல்லுங்கள், உள்ளே தள்ள முயலாதீர்கள்.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, அல்லது சும்மா இருக்கும்போதே திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம். மூச்சுத்திணறல் என்றால் அறுவை செய்த இடத்துக்குத் தொலைபேசி செய்துகொண்டிராமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

தழும்பு

காயம் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு, பொதுவாக மூன்றாம் வாரத்தை ஒட்டி, சிலிகோன் ஜெல்லோ சிலிகோன் பட்டையோ தொடங்கலாம். பட்டை என்றால் நாளுக்குக் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதம் விடாமல். அடியில் வியர்த்து அரித்தால் ஒரு நாள் விட்டுத் தொடருங்கள். ஆறாவது எட்டாவது வாரத்தில் தழும்பு இன்னும் சிவந்து தடித்ததுபோலத் தெரியும். அது கெட்டுப்போனதல்ல, அந்தக் கட்டத்தில் அப்படித்தான் இருக்கும். நிறம் மங்கி மென்மையாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். அதுவரை வெயில் படாமல் மூடுங்கள், அல்லது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசுங்கள். வெட்டின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்ந்தால் அது கெலாய்டு. உடம்பில் வேறெங்காவது அப்படி வந்த பழக்கம் இருந்தால் அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும்.

பல மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் பின்

சுற்றிலும் வளர்ந்த சவ்வு சிலருக்குத் தடித்துச் சுருங்கி இம்ப்ளான்ட்டை நெருக்கும். மருத்துவர்கள் இதை பேக்கர் அளவுகோலில் நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் மார்பகம் இயல்பான மென்மையோடு இருக்கும், இரண்டில் தொட்டால் சற்று இறுக்கம், மூன்றில் வடிவமே மாறித் தெரியும், நான்கில் வலியும் சேரும். இரண்டாம் நிலையிலேயே காட்டினால் கண்காணிக்க முடியும்.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க இருக்கும் பொருளல்ல. உப்புநீர் வகை கசிந்தால் மார்பகம் சில நாளில் சப்பிப்போய்த் தெரிந்துவிடும். சிலிகோன் வகை உடைந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல், சிலிகோன் இம்ப்ளான்ட் வைத்தவர்கள் ஐந்து அல்லது ஆறு ஆண்டு கழித்து ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்குமாறு பரிந்துரைத்தது.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போகும்போது, முன்பதிவு செய்யும்போதே இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லுங்கள். இம்ப்ளான்ட்டைப் பின்னால் தள்ளி, சுரப்பித் திசுவை மட்டும் முன்னிழுத்துக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டியிருப்பதால் நேரம் அதிகமாகும்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது இம்ப்ளான்ட் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளர், வகை, மேற்பரப்பு, கொள்ளளவு, தொடர் எண் எல்லாம் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியே அதில் இருக்கும். படம் பிடித்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை இம்ப்ளான்ட்டுகள், சுற்றியுள்ள சவ்வில் தோன்றும் லிம்போமா வகையைச் சேர்ந்த அரிதான ஒரு புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. தமக்குள் இருப்பது அதுதானா என்பதை அட்டை வைத்திருந்தவர்களால் உடனே பார்த்துக்கொள்ள முடிந்தது. அந்த நோயின் வழக்கமான முதல் அறிகுறி, எல்லாம் ஆறிப் பல ஆண்டு கழிந்த பின் ஒரு பக்கம் மட்டும் திரவம் சேர்ந்து வீங்குவது. அப்படி நேர்ந்தால் அல்ட்ராசவுண்ட் எடுத்து, அந்தத் திரவத்தைச் சிறிது உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்தால், இம்ப்ளான்ட்டையும் சவ்வையும் முழுதாக அகற்றுவதே பெரும்பாலோருக்குப் போதுமான சிகிச்சையாக அமைகிறது.